ஊர்ப் பக்கமிருந்து

இன்ஜினியரின் தள்ளு டிராலி சவுக்குத்தோப்பு வளைவைத் தாண்டியதும் அவள் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தாள்.

தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்குக்கு அவள்தான் மேட், ஆட்களுக்குத் தலைவி. இன்ஜினியர் வந்தால் முன்னால் போய் நிற்க வேண்டும். எப்படிப் போவது? அவருக்கும் அவளுக்கும் நடுவே கடல் ஓடியது.

நாற்பது அடி அகலத்துக்கு.

இன்ஜினியர் குடையோடு இறங்கினார். நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டுக்குத் தரை இல்லை.

சட்டென்று நின்றார்.

பாதை அவர் காலடியில் அறுந்து கிடந்தது. புயல் பிய்த்துப்போட்ட அன்று எப்படி இருந்ததோ, அப்படியே. அவர் பக்கம் ஒரு கல்கூட வைக்கப்படவில்லை.

எதிர்ப்பக்கமோ புதுச் சுவர், புது ஜல்லி, நூல் பிடித்தாற்போல் தண்டவாளம். அதன் மேல் கேங் ஆட்கள் பதினோரு பேர். அவர்களுக்குப் பின்னால் கோரைமுனை ஊரே திரண்டு நின்றது.

கடற்சுவரோடு முந்நூறு அடிப் பாதையைப் புயல் விழுங்கியிருந்தது. கோரைமுனைக்கு இரண்டு புறமும் கடல். ரோடு கிடையாது. ரயில் போனால் ஆஸ்பத்திரி போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, மீனுக்கு ஐஸ் போச்சு. அப்புறம் ஊரும் போச்சு.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர்.

மேலிடம் ஒரு மாதம் கொடுத்தது. முடிந்தவரை கட்டுங்கள். மாதம் முடியும்போது வேலை எங்கே நிற்கிறதோ அதோடு சரி. அங்கே ஒரு தடுப்பை நட்டுவிட்டு, அதற்கு அப்பால் உள்ளதைக் கைவிட்டுவிடலாம். கடிதத்தில் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

ஒரு மாதத்தில் முந்நூறு அடி ஆகாது. எழுதியவர்களுக்கும் அது தெரியும்.

பாதை வேலை எப்போதும் ஸ்டேஷன் பக்கமிருந்துதான் தொடங்கும். கல்லும் கட்டையும் வேகனில் வந்து இறங்குவது அங்கேதானே. போட்ட பாதை மேலேயே அடுத்த வேகனைத் தள்ளிக்கொண்டு போகலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இன்ஜினியரும் யோசிக்கவில்லை.

அவள் ஊர்ப் பக்கமிருந்து தொடங்கினாள்.

கேங்கில் மூத்தவரான லிகோரி தலையில் அடித்துக்கொண்டார்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? அவுக கோவத்துல மொத்தத்தையும் விட்டுட்டாகன்னா, செஞ்சதெல்லாம் வீணாப் போயிருமே."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை.

ஊரின் வள்ளங்கள் மீனுக்குப் போகாமல் கல் சுமந்தன. இரண்டிரண்டு வள்ளமாகச் சேர்த்துக் கட்டி, மேலே தண்டவாளத்தைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். பழைய சுவர்க் கற்கள் கடலுக்குள் கிடந்தன. அவற்றையும் முங்கி முங்கி எடுத்தார்கள்.

இரண்டாம் வாரம் பெரிய அலை ஒன்று கட்டியதில் பத்தடியைக் கொண்டுபோனது. அவள் கடலைப் பார்த்துக் காது கூசும்படி ஏசினாள். அந்த வாரமே போன பத்தடியையும் எழுப்பி, அதற்கு மேல் முப்பதடியும் எழுப்பினாள்.

சனிக்கிழமைதோறும் இன்ஜினியர் போனில் கேட்பார், எத்தனை அடி என்று.

எழுபது சார்.

நூறு சார்.

நூற்றெண்பது சார்.

எல்லாம் சத்தியம். எந்தப் பக்கமிருந்து என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

இன்றோடு மாதம் முடிந்தது. இருநூற்று அறுபது.

இன்ஜினியரின் கையில் மேலிடத்துத் தாள் படபடத்தது. வேலை நிற்கும் இடத்தை எழுதி, அதற்கு அப்பால் உள்ளதைக் கைவிடுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்துவிட்டார்.

எதை எழுதுவது? வேலை அவர் முன்னால் வந்து நின்றது. அப்பால் இருந்ததெல்லாம் புதுப் பாதை.

அவர் முகம் சிவந்துவிட்டது. அலைச் சத்தத்தை மீறிக் கத்தினார்.

"ஏம்மா அமலோற்பவம்! யாரைக் கேட்டு அங்கருந்து ஆரம்பிச்சீங்க?"

அவள் புதுச் சுவரின் விளிம்புக்கு வந்து குரல் கொடுத்தாள்.

"சார், கடைசி நாப்பதடி எங்க பக்கம் நின்னா, சனங்க பலகை போட்டு நடந்து வரட்டும்னு விட்டுருவீக. இப்ப ஒங்க பக்கம் நிக்கிது. ரயிலு நடந்து வருமா?"

டிராலி தள்ளி வந்தவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஜினியர் திரும்பிப் பார்த்ததும் அந்த ஆள் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மொத்தமும் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போக அவரால் முடியும். அது அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

அலை இடைவெளிக்குள் புகுந்தது. வழிந்து போனது.

மறுபடி புகுந்தது.

அவர் எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லோடு கல் கவ்வியிருந்த விதத்தைப் பார்த்தார். பார்க்கத் தெரிந்த மனிதர்தான்.

பிறகு தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை.

"எத்தனை வேகன் கல் வேணும்?"

நாற்பது அடிக்கு ஆறு வேகன் தாராளம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

அவள் கடலை ஒரு பார்வை பார்த்தாள்.

"பத்து, சார்."