வாளியில் நின்ற மாப்

வீட்டுக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. டைல்ஸ் தரை பளபளவென்றுதான் இருந்தது. ஆனாலும் நாறியது.

"நாயைத் தவிர வேறு யார்?" என்றது மாப், அழுக்குத் தண்ணீர் வாளியில் நின்றபடி. "நான் தினமும் இரண்டு வேளை முங்கி எழுகிறேன்."

மிளகு என்ற அந்த நாய் தன் காலை மோந்து பார்த்தது. வாலை மோந்து பார்த்தது. பிறகு மாப்பிடம் வந்தது.

"கிட்ட வராதே, முடி ஒட்டும்!"

"மோந்து பார்த்தால் உனக்கென்ன பயம்?"

"வீட்டைத் துடைக்கிற என்னையே சந்தேகப்படுகிறாயா?"

வீட்டுக்காரி செண்பகத்துக்கும் நாய்மேல்தான் சந்தேகம். ஒரே வாரத்தில் மூன்று முறை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினாள். நாற்றம் போகவில்லை. கடைசியில், தரையில் கிடக்கும் நாய் முடியைச் சுத்தமாக அள்ளும் என்று கடைக்காரர் சத்தியம் செய்த புது மாப் ஒன்றை வாங்கிவந்தாள். பழையது குப்பைக்குப் போனது. அன்று வீடு மணத்தது. மிளகு நிம்மதியாகத் தூங்கியது.

துடைத்து முடித்ததும் புது மாப்பை அதே வாளியில், அதே தண்ணீரில் நிறுத்தினாள் செண்பகம்.

மூன்றாம் நாள் புது மாப் முகம் சுளித்தது.

"என்ன நாற்றம் இது! இந்த நாயை யாரும் குளிப்பாட்டுவதே இல்லையா?"

மிளகு எழுந்து, யாரும் கூப்பிடாமலே குளியலறைக்கு நடந்தது.