டர்போ விசில்

"விசில் மாதிரி ஒரு சத்தம். உங்களுக்குக் கேக்குதா?"

காரின் சொந்தக்காரி உட்கார்ந்தபடியே ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். எஞ்சின் உறுமியது. மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டார். உறுமல் கேட்டது. விசில் கேட்கவில்லை.

"கேக்குதும்மா. நல்லாவே கேக்குது."

எட்டு மாதமாக இப்படித்தான். கனத்த சத்தமெல்லாம் காதில் விழுந்தது. மெல்லிய, கூரான சத்தங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. முதலில் காலிங் பெல். பிறகு செல்போன் மணி. பிறகு ஃபேன் பெல்ட்டின் கிறீச். வீட்டில் டிவி அலறுவதை வைத்தே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினாள்.

"காதுல மெஷினை மாட்டிக்கிட்டு நின்னா எவன் என்னை நம்பி வண்டியை விடுவான்? சோத்துல மண்ணைப் போடாதே" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயரே ரேடார்.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கவலையை விடுங்க மேடம். கம்ப்யூட்டர் கோட்டை விட்டதைக்கூட எங்க ரேடார் காதாலேயே பிடிச்சிடுவாரு. அந்தக் காதுக்குத்தான் நான் சம்பளமே குடுக்கிறேன்!"

ரேடார் சிரித்து வைத்தார்.

"எந்தப் பக்கம்ணே கேக்குது?" என்றாள் அவள்.

"வலது பக்கம்."

டர்போவின் காற்றைக் கொண்டுபோகும் ஹோஸ் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. அதனால் அப்படிச் சொன்னார்.

எஞ்சினை அணைத்துவிட்டு அவள் இறங்கி வந்தாள். "விசில் ஏன் வருது? கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்களேன்."

இது அவருக்குப் பிடித்த பேச்சு. குனிந்தபடியே தொடங்கினார்.

"எஞ்சின் வெளிய தள்ளுற புகை இருக்கு பாருங்க, அது சும்மா போகாம ஒரு சக்கரத்தைச் சுத்திவிட்டுட்டுப் போகும். அதான் டர்போ. அந்தச் சக்கரம் வெளிக்காத்தை அள்ளி எஞ்சினுக்குள்ள திணிக்கும். ஆனா அமுக்கின காத்து கொதிக்கும். சூடான காத்து பெரிய மனுஷன் மாதிரி, கையைக் காலை நீட்டிக்கிட்டு இடத்தை அடைச்சுக்கும். இதோ, முன்னாடி இருக்கே இன்டர்கூலர், இது அந்தக் காத்தை ஆத்தி ஒடுங்கி உக்கார வைக்கும். அதே இடத்துல இன்னும் நிறைய காத்து. நிறைய காத்துன்னா டீசலையும் நிறைய எரிக்கலாம். சின்ன எஞ்சின் பெரிய இழுவை இழுக்கும். நடுவுல ஹோஸ் எங்கயாவது ஒழுகினா, விசிலடிக்கும். இழுவை போயிடும்."

திரும்பினார். அவள் பின்னால் நின்றிருந்தாள். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது முகத்தில் தெரிந்தது.

"என்னம்மா கேட்டீங்க?"

"ஒண்ணுமில்லண்ணே." அவள் சுற்றி வந்து அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு முகம் பார்த்தே பேசினாள். உதட்டசைவு தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"இழுவை எப்படியிருக்கு? மேட்டுல திணறுதா?"

"அதெல்லாம் ஒரு குறையும் இல்ல. பறக்குது."

ரேடாரின் புருவம் சுருங்கியது. ஒழுகுகிறது, ஆனால் இழுவை குறையவில்லை. அது எப்படி?

டர்போவின் வாயை அடைத்து கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டார். ஹோஸ் நெடுகச் சோப்புத் தண்ணீர் பூசினார். ஒழுகினால் நுரைத்தே தீர வேண்டும். காது பொய் சொல்லலாம், சோப்பு சொல்லாது. கண்ணை இடுக்கிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

ஒரு குமிழிகூட இல்லை.

'ஒழுகல் இல்லம்மா' என்று சொல்லலாம். 'அப்போ எந்தச் சத்தத்தைக் கேட்டீங்க?' என்று அவள் கேட்பாள். கண்ணாடி அறையின் கதவு திறந்தே இருந்தது.

டர்போவின் அடைப்பைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இறுக்கமாகவே இருந்த கிளிப்பைக் கால் திருகு திருகினார்.

"கிளிப் லூஸும்மா. இப்ப மிதிங்க."

அவள் ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி மிதித்தாள். எஞ்சின் உறுமியது.

"நின்னுடுச்சாண்ணே?"

"சுத்தமா நின்னுடுச்சு."

சொல்லிவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இருபத்தாறு வருடத்தில் செய்யாத வேலையைச் செய்ததாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

முதலாளி கையைத் தட்டிக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா மேடம் எங்க ரேடாரை?"

"நல்லாப் பாத்தேன் சார். வண்டியைக் கழுவி வைங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு இவரே என் இடத்துக்குக் கொண்டுவந்து விடட்டும். வேற யாரையும் அனுப்பிடாதீங்க."

"தாராளமா. அரை நாள் ஆனாலும் பரவாயில்ல."

முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு ஆணியில் மாட்டப் போனார். அவள் விலாச அட்டையை நீட்டினாள். ரேடார் வாங்கிப் படித்தார். 'காது, மூக்கு, தொண்டை நிபுணர்.'

நிமிர்ந்தார். அவள் முதலாளியின் முதுகை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தாள். ஒரு சொல் தவறாமல் அவருக்குப் புரிந்தது.

"உங்க வீட்டம்மா அனுப்பினாங்க. இந்த வண்டியில விசிலே இல்லண்ணே."