பழைய டோக்கன்

ஜன்னல் வெயில் டேப்லெட் திரையில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. நர்ஸ் உள்ளங்கையால் நிழல் கட்டிக்கொண்டு பார்க்கிறாள். இன்றுதான் வார்டுகளுக்கு வந்திருக்கும் மருந்தளவுச் செயலியை எழுதியவள், பெருமையை மறைக்கத் தெரியாமல் பக்கத்தில் நிற்கிறாள். முதல் கட்டிலில் இருக்கும் பெரியவரின் பக்கம் திறக்கிறது. சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நர்ஸ் அலுத்துப்போய் அதை மூடிவிட்டு, அடுத்த கட்டில் சிறுமியின் பக்கத்தைத் திறக்கிறாள். 'டிங்.' சிறுமியின் பெயருக்குக் கீழே இன்சுலின் இருபத்தெட்டு யூனிட் என்று பச்சை எழுத்து வந்து உட்காருகிறது. "டாக்டர் ஏத்திட்டார் போல," என்றபடி நர்ஸ் மருந்தை ஊசியில் இழுக்கிறாள். பெரியவருக்காகச் சுற்றிய சக்கரம் எழுதியவளுக்கு நினைவுக்கு வருகிறது. அது பெரியவரின் அளவு. செயலிக்குள் கணக்குப் பார்க்கும் பகுதியான வெப்அசெம்ப்ளி கேட்டனுப்பும் ஒவ்வொரு கேள்விக்கும் அவள் ஒரு டோக்கன் எண் கொடுத்திருக்கிறாள்; வெளியே போய்த் தகவல் எடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பதிலோடு திரும்பி வந்து அந்த எண்ணில் சேர்க்கும். பக்கத்தை மூடினால் எண் காலி, அடுத்த பக்கத்துக்கு அதே எண். சிக்கனம் என்று நினைத்துச் செய்தாள். பெரியவருக்காகக் கிளம்பிய பதில், அந்தக் கால்பேக், தாமதமாக வந்து, ஆளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து, சிறுமியிடம் இறங்கிவிட்டது. "அக்கா, போடாதீங்க! அது பாப்பாவோடது இல்ல!" நர்ஸின் கை அந்தரத்தில் நிற்கிறது. "நீ எழுதினதுதானேம்மா இது?" ஊசி முனையில் ஒரு துளி நடுங்குகிறது. சிறுமி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தப்பித்தோம் என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்கிறாள். சுவருக்கு அப்பால், அடுத்த வார்டில், இதே செயலி 'டிங்' என்கிறது.