இன்பராஜின் பங்கு

கம்பெனிகளின் பங்கை விட்டுவிட்டு ஜனங்கள் மனிதர்களின் பங்கை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் ஜாவா நிரல் எழுதும் இன்பராஜின் விலையும், எல்லோருடையதையும் போல, அவன் சட்டைப்பையின் மேல் மின்னிக்கொண்டிருக்கும்.

அவன் எழுதுவதையெல்லாம் குறை சொல்லித் திருப்பியனுப்பும் டெஸ்டர் டெய்சி ராணி நேற்று லீவு. அந்தக் குஷியில் புது நிரலைச் சோதனை இல்லாமலே அனுப்பிவிட்டான். இன்று காலை அது படுத்துக்கொள்ள, ஊர் முழுக்க பஸ் டிக்கெட் இயந்திரங்கள் நின்றுபோயின.

மதியத்துக்குள் அவன் விலை பாதாளத்துக்குப் போனது. மாமனாரே விற்றுவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மாப்ளே, எல்லாரும் வித்தாங்க" என்று போனில் குழைந்தார். சந்தை மூடுவதற்குள் வாங்க ஆளில்லாவிட்டால் அவன் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அப்புறம் வேலையும் கிடையாது.

கடைசி நேரத்தில் விலை மளமளவென்று ஏறியது. யாரோ வந்ததையெல்லாம் வாரிக்கொண்டிருந்தார்கள். பெரும்பங்கு வாங்குபவரின் பெயர் சட்டையிலேயே தெரியும். குனிந்து பார்த்தான். டெய்சி ராணி.

அவள் மேசைக்கு ஓடினான். "மேடம், உங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாதுன்னுல்ல நெனச்சேன்!"

"நீ சேர்ந்ததுலேர்ந்து மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா உன் பங்கை வாங்கிட்டிருக்கேன். என் காசு போட்ட இடத்துல தப்பை விட்டுவைப்பேனா? ஒரு நாள் லீவு போட்டேன், கவுத்துட்டியே! உக்காரு. அந்த நிரலை மொதல்லேர்ந்து படி."

படித்தான். மூன்றாவது வரியிலேயே, "நிறுத்து!" என்றாள்.

அந்தச் சொல் அவன் காதில் இத்தனை இனிப்பாக விழுந்ததே இல்லை.