நான்காவது மூலை

கட்டம் போட்ட தரையில் மூன்று கூழாங்கற்களை வைத்தது ஓணான். செவ்வகத்தின் நான்காவது மூலையைச் சரியாகச் சொல்பவருக்கு, மழை நனைக்காத சுவர்ப்பொந்து பரிசு.

கட்டெறும்பு பார்த்தவுடன் ஓடிப்போய் ஒரு கட்டத்தில் நின்றது.

“குருட்டாம்போக்கில் நிற்கிறாய்” என்றது ஓணான்.

“இல்லைங்க. குறுக்கு வரிசையில் ஒரு கல் தனியாக இருக்கு, நெடுக்கு வரிசையில் ஒரு கல் தனியாக இருக்கு. அந்த இரண்டு வரிசையும் வெட்டுகிற இடம் இதுதான்.”

“இவ்வளவு சுலபமாகவா கேட்பேன்?”

சிலந்தி மாலைவரை நூல் இழுத்து, அளந்து, அறுத்து, அதே கட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஓணான் மெய்சிலிர்த்துப் பொந்தை அதற்கே கொடுத்தது.

அந்த வருஷ மழையில் எறும்பின் முட்டைகள் மிதந்து போயின.

மறுவருஷப் போட்டியிலும் எறும்புக்குப் பார்த்தவுடன் விடை தெரிந்தது. பொழுது சாயும்வரை அது தரையைச் சுற்றிச் சுற்றி நடந்தது.