கிழக்குச் சுவர்

தோளில் விழ வந்த பொன்னாடையைச் செல்லசாமி சார் கையால் தட்டிவிட்டார்.

அது பள்ளிக்கூட அதிபரின் கையிலிருந்து நழுவி மேடையில் விழுந்தது. கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன.

"என் சுவரு எங்கடா?"

அதிபரும் அவரிடம் படித்தவன்தான். ஆனாலும் மைக் திறந்திருந்தது. அந்த 'டா' மண்டபத்துத் தகரத்தில் முட்டித் திரும்பியது.

முப்பத்தோரு வருஷம் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துவிட்டு இன்றைக்கு ஓய்வு பெறுகிறார். விழாவே அவருக்குத்தான். உள்ளே கால் வைத்ததுமே பார்த்துவிட்டார், கிழக்குச் சுவர் வெளேரென்று கிடந்தது. சுண்ணாம்பு வாசம்கூட இன்னும் போகவில்லை. மூன்று பேரின் பேச்சு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சுவரில் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தி, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிச் செத்தவர்கள். மரத்தில் கூடு இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்கள். குளவி என்ன உங்களுக்குச் சொந்தமா, தேடி வர, என்று வேலை வாங்கும் கண்டாக்கு விரட்டிவிட்டான்.

செல்லசாமி சார் அவர்களை ஆளுயரத்துக்கு வரைந்தார். கீழே பெயரும் தேதியும் எழுதினார். அழிக்கச் சொல்லி, தோட்டத்தை நடத்தும் துரை ஆள் அனுப்பினார். கல்விக் கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கண்காணாத இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். மனுஷன் அசையவில்லை.

பிறகு அந்தச் சுவரின் படம் கொழும்புக் கண்காட்சி ஒன்றில் தொங்கியது. பத்திரிகைகள் எழுதின. கோயில் தேருக்கும் சங்கத் தலைவர்களின் கட்அவுட்டுக்கும் வர்ணம் பூசிக்கொண்டிருந்தவரை அதற்கப்புறம்தான் ஓவியர் என்றார்கள்.

வாழ்க்கையில் செய்ததென்று சொல்ல அவருக்கு அந்த ஒரு சுவர்தான் இருந்தது.

"துரை வர்றாருன்னதும் அழிச்சுப்புட்டீங்க. அவரு காலக் கழுவிக் குடிக்கிறதுக்கு எம்பேருல எதுக்குடா விழா?"

முன்வரிசையில் துரை செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். அதிபருக்கு வேர்த்துக் கொட்டியது. "சார், நாங்க இல்ல சார்..."

"நான்தான் வெள்ளையடிச்சேன்."

எழுந்து நின்றவள் பூரணி. அவளும் அவரிடம் படித்தவள்தான். இப்போது கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். மகளை இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறாள். செத்த மூவரில் நாகலெட்சுமி இவளுடைய அம்மா. சுண்ணாம்பு தின்ற விரல்கள் வெடித்திருந்தன.

இவளா?

"ஒங்கம்மாவுக்காகத்தான்டி வேல போனாலும் போகட்டும்னு நின்னேன்!"

"யாரு சார் இல்லேன்னா? ஆறாம் வகுப்புலேருந்து அதுக்கு அடியில குந்தித்தான் பாடம் எழுதுனேன். வாயத் தொறக்கல. இப்ப எம்மக கேக்குறா, அந்தப் பேயி யாரும்மான்னு. ஒங்க அம்மாயிதான்டின்னு சொல்லவா?"

மலையிலிருந்து தூக்கி வந்தபோது எப்படி இருந்தார்களோ, அப்படியே வரைந்திருந்தார். கண் தெரியாமல் புடைத்த முகங்கள். பிதுங்கிய உதடுகள். கறுத்துத் தடித்த கழுத்துகள். கொட்டிய இடம் ஒன்றுகூட விடவில்லை. துரை தினமும் பார்க்கட்டும் என்றுதான் அப்படி வரைந்தார்.

இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு துரை அந்த மண்டபத்துக்குள் வந்தது இன்றைக்குத்தான்.

"எங்கம்மா அழகா இருப்பாங்க சார்," என்றாள் பூரணி. "ஒரே லயத்துல வளந்தவங்கதானே, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண். சின்ன வயதிலிருந்து நாள் தவறாமல் பார்த்த முகம்.

மைக்கைப் பிடித்தபடியே, வெள்ளைச் சுவரைப் பார்த்து அந்த முகத்தை நினைத்தார்.

வீங்கிய முகம்தான் வந்தது.