செங்கல் சூடு

“செங்கல்லுக்கு எத்தன சுத்து சாக்கு போட்ட, செல்லாயி?”

“ரெண்டு. மூணாவது சாக்கு மழையில நனைஞ்சு கெடந்துச்சு. ஏன் கேக்குறீங்க?”

பிச்சை பெட்டிக்குள் கையை விட்டு மலைப்பாம்பின் நடு உடலை மெல்லத் தூக்கிக் காட்டினான். அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் செதில்கள் வெளுத்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

“சுட்டா நகராதா இது?” செல்லாயி குனிந்து பார்த்தாள்.

“நகராது. மேல குளிர் அடிச்சா, அடியில வேகுறது அதுக்குத் தெரியாது. அதுக்குத்தானே மூணு சுத்து. புறங்கைய வச்சு இருபது எண்ணுற வரைக்கும் தாங்கினாத்தான் உள்ள வைக்கணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

“எண்ணினேன். பதினஞ்சுல கைய எடுத்துட்டேன். நாலு நாளா மழை. வெறச்சுப் போயிடுமோன்னு பயம்.”

செமிலிங் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் இப்போது ஜப்பானிய அதிகாரி ஒருவர் இருந்தார். நான்கு மாதங்களுக்கு முன் ஆற்றோரத்தில் பிடிபட்ட பாம்பைப் பங்களாவின் சாமான் அறையில் பெட்டி செய்து வைத்து, பிச்சையை அதற்குக் காவல் போட்டார். உத்தரவு இரண்டுதான். குளிர விடக்கூடாது, சூடு பட விடக்கூடாது. அடுப்பில் காய்ச்சிய செங்கல்லைச் சாக்கில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வைப்பார்கள். மறுமூலை ஆறியே இருக்கும். இந்த வேலை இருக்கும்வரை, சயாமில் ஜப்பானியர் போடும் ரயில் பாதை வேலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் பிச்சையின் பெயர் ஏறாது. கூலிகள் குடியிருந்த லயத்திலிருந்து போனவர்கள் முப்பத்தொரு பேர். திரும்பி வந்தவர் யாரும் இல்லை.

வாரம் ஒருமுறை அதிகாரி வருவார். பெட்டி முன் மண்டியிட்டு, தலை முதல் வால் வரை இரண்டு உள்ளங்கைகளாலும் பாம்பைத் தடவுவார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பாட்டை முனகுவார். லயத்து ஆட்களுக்கு இதில் ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. அவர் ஊரிலும் நாகம்மாதான் குலதெய்வம். பிச்சையின் மனைவி செல்லாயி வெள்ளிக்கிழமைதோறும் பெட்டிமேல் மஞ்சளும், எங்கோ கெஞ்சி வாங்கிய ஒரு முட்டையும் வைத்தாள். அதைப் பார்த்து அதிகாரி ஒருநாள் தலையாட்டினார். அதோடு எல்லாருக்கும் சந்தேகம் தீர்ந்தது.

குடையை மடக்கிக்கொண்டு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி உள்ளே வந்தார். தோட்டத்தில் ஜப்பானிய மொழி அரைகுறையாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“மத்தியானம் வராராம். பெட்டியத் தொறந்து வைக்கச் சொன்னாரு.” எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றார். “அட பாவி. சாமியச் சுட்டுட்டியா?”

“மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டா ஆறிடும்லா, ஐயா,” என்றான் பிச்சை.

“அது ஆறுறதுக்குள்ள நீ ஆறிப்போயிடுவ. அதிகாரியோட அம்மா படத்தக் கீழ போட்டான் சமையக்காரன் அப்பளசாமி. இப்ப அவன் எங்கன்னு யாருக்காவது தெரியுமா? படத்துக்கே அப்படி.”

“நான்தான் சுட்டேன். நானே சொல்லிடுறேன்,” என்றாள் செல்லாயி.

“சும்மா இரு. பொம்பளன்னு பார்ப்பாங்கன்னு நெனைக்கிறியா?” என்றான் பிச்சை.

கிராணி சன்னல் வழியே மழையைப் பார்த்தார்.

“சயாமுக்கு ஆள் ஏத்துற பத்து மணி லாரியில ஒரு ஆள் குறையுது,” என்றார், இருவரையும் பார்க்காமல். “லாரியில ஏறிட்டா ரயில்வேக்காரங்க கணக்கு. இவரு கை வைக்க முடியாது. சயாம்ல பொழைச்சுக் கெடக்குறவனும் நாலு பேரு இருப்பான்.”

பிச்சை பாம்பை மெல்ல இறக்கி, ஆறிய மூலைப் பக்கம் நகர்த்தி வைத்தான். கையை வேட்டியில் துடைத்தான்.

“என் பேர எழுதிக்குங்க, ஐயா.”

“ஏங்க…”

“சூடு வச்சுட்டு ஓடிட்டான்னு சொல்லு. சாக்கு சுத்தினது நான்தான்னு சொல்லு. மாத்திச் சொல்லாத.” வாசல்வரை போனவன் திரும்பினான். “அந்த மூணாவது சாக்க அடுப்பு மேல காயப் போடு. மத்தியானமும் குளிரும்.”

இரண்டு அவித்த மரவள்ளிக்கிழங்கை மாற்று வேட்டியில் முடிந்துகொண்டு அவன் போனான். லாரி பத்தேகாலுக்குக் கிளம்பியது. சுங்கை பட்டாணி ஸ்டேஷனிலிருந்து ரயில் பதினொன்றரைக்கு.

அதிகாரி பன்னிரண்டரைக்குக் கிராணியோடு வந்தார். துணியில் சுற்றிய எதையோ தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டார். வழக்கம்போலத் தலையிலிருந்து தடவிக்கொண்டே வந்த கைகள் அடிவயிற்றில் நின்றன. செல்லாயி கன்னத்தை இறுக்கிக்கொண்டு தலைகுனிந்தாள்.

அறை விழவில்லை.

அதிகாரி துணியை அவிழ்த்தார். நீண்ட கழுத்துள்ள ஒரு தந்தி வாத்தியம். அதன் முகத்தில் தோல் இல்லை. வெறும் மரவளையம்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு மெல்லிய கத்தி. கத்தியை எடுத்துப் பார்த்தவர், அதை உறையில் செருகிவிட்டுக் கிராணியிடம் ஏதோ சொன்னார்.

கிராணி சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“இன்னிக்கு இத உரிச்சு வாத்தியத்துக்குத் தோல் கட்டிட்டு, பிச்சைய நாளைக்கு சயாமுக்கு அனுப்புறதா இருந்தாராம். இப்ப தோல் ஆறி வர ஆறு மாசம் ஆகுமாம். அது வரைக்கும் அவன் பேரு எந்தப் பட்டியல்லயும் ஏறக் கூடாதாம். அவனக் கூப்பிடச் சொல்றாரு.”